20 மீட்டர் புதிர்: 'ஃபோர்டு வெர்சஸ் ஃபெராரி' சொன்னதும் விட்டதும்

முதலில் ஒரு புதிர்.

இரண்டு கார்கள் 24 மணி நேரம் ஒரே பாதையைச் சுற்றி ஓடுகின்றன. இரண்டும் சரியாக 360 சுற்று முடித்து, ஜோடியாக, ஒரே நேரத்தில் முடிவுக்கோட்டைக் கடக்கின்றன. ஜெயித்தது யார்?

"இதுல என்ன புதிர்? டை. ரெண்டு பேருக்கும் கோப்பையைக் கொடுத்துடலாம்" என்று சொன்னீர்கள் என்றால், 1966 ஜூன் மாதம் பிரான்ஸில் லெ மான் பந்தயத்தின் கடைசி மணி நேரத்தில் ஃபோர்டு கம்பெனியின் மேலிடம் யோசித்த மாதிரியே யோசிக்கிறீர்கள். பதில் வேறு. 24 மணி நேரப் பந்தயத்தில் நேரம் எல்லோருக்கும் ஒன்றுதான். அளக்கப்படுவது தூரம். ஆகவே ஜெயித்தவர் கிளம்பும்போது பின்னால் நின்றவர்.

அந்தக் காலத்து லெ மானில் கார்கள் ஒரு பக்கம், பிட் சுவரை ஒட்டி, சாய்வாக வரிசையாக நிற்கும். டிரைவர்கள் சாலைக்கு எதிர்ப்பக்கம் நிற்பார்கள். கொடி அசைந்ததும் ஓடிப்போய் ஏறி, சாவியைத் திருப்பிக் கிளம்ப வேண்டும். தகுதிச்சுற்றில் யார் வேகமோ அவர் வரிசையில் முன்னால். கென் மைல்ஸும் டென்னி ஹல்மும் ஓட்டிய கார் இரண்டாவது இடம். புரூஸ் மெக்லாரனும் கிறிஸ் ஏமனும் ஓட்டிய கார் நான்காவது இடம். இரண்டுக்கும் நடுவே சுமார் 20 மீட்டர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 8 மீட்டர்தான் என்று எழுதியவர்களும் உண்டு. எந்தக் கணக்கிலும் மெக்லாரன் கார் அந்த இடைவெளியையும் சேர்த்து ஓடியிருக்கிறது. ஆகவே வெற்றி மெக்லாரனுக்கும் ஏமனுக்கும். மைல்ஸுக்கு இரண்டாம் இடம்.

20 மீட்டர் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வெற்றி பெற்ற கார் ஓடிய தூரம் சுமார் 4,843 கிலோமீட்டர். அதில் 20 மீட்டர் என்பது 2,42,000-ல் ஒரு பங்கு. சராசரி வேகம் மணிக்கு 200 கிலோமீட்டருக்குச் சற்று மேலே. அந்த வேகத்தில் 20 மீட்டர் கடக்க 0.36 நொடி. கண்ணை இமைக்கிற நேரம். இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. மைல்ஸ் காரின் தகுதிச்சுற்று வேகம் குறைவாக இருந்திருந்தால், அவர் பின்னால் நின்றிருப்பார், ஜெயித்திருப்பார்!

கார் பிரியர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு மூன்று இடத்தில் சுற்றும். யாரிடம் என்ன கார் இருக்கிறது, எந்தப் பந்தயத்தில் யார் ஏமாற்றினார், அப்புறம் இந்த மாதிரி ஒரு இயற்பியல் புதிர். இந்த மூன்றும் ஒரே கதையில் அமைந்த சம்பவம் 1966 லெ மான். அதை ஜேம்ஸ் மேன்கோல்ட் 2019-ல் 'ஃபோர்டு வெர்சஸ் ஃபெராரி' என்று படமாக எடுத்தார். ஐரோப்பாவில் பல இடங்களில் அதே படம் 'லெ மான் 66' என்ற பெயரில் வந்தது. கிறிஸ்டியன் பேல் கென் மைல்ஸாக, மாட் டேமன் கரோல் ஷெல்பியாக. எடிட்டிங்குக்கும் ஒலித்தொகுப்புக்கும் ஆஸ்கர் வாங்கியது. என் வட்டாரத்தில் கார் பற்றிப் பேசுகிற எல்லோருக்கும் இது வேதப்புத்தகம் மாதிரி. அதனால்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம் என்று இந்தப் பதிவு.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம்

இரண்டு ஆஸ்கரும் தகுதியானவை. ஏழு லிட்டர் வி-8 எஞ்சினின் சத்தம் நெஞ்சுக்கூட்டில் இடிக்கிறது. படத்தில் ஓடுபவை பெரும்பாலும் பழைய கார்களின் அச்சு அசலான மறு உருவாக்கங்கள். கோடிக்கணக்கில் விலைபோகும் அசல் ஜிடி40-ஐ யாரும் சினிமாவுக்காகச் சுவரில் இடிக்கத் தர மாட்டார்கள். ஆனால் நிஜமான உலோகம் நிஜமான தாரில் ஓடுகிறது, அது தெரிகிறது.

எனக்குப் பிடித்த காட்சி பந்தயத்தில் இல்லை. இருட்டுகிற நேரத்தில் ஓடுபாதையில் மைல்ஸும் மகன் பீட்டரும் உட்கார்ந்து, பிசகே இல்லாத ஒரு சுற்று என்றால் என்ன என்று பேசுவார்களே, அந்த இடம். வேகத்தைப் பற்றி எடுத்த படத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர். மைல்ஸ் ஏன் இந்த வேலையைச் செய்கிறார் என்பதற்கு அந்த இரண்டு நிமிடம் போதும். மற்றதெல்லாம் அதற்கு விளக்கவுரை.

சரி, இனி குறைகள்.

காலை அழுத்தினால் ஜெயிக்கலாமா?

படத்தில் வெற்றிக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. ஆரம்பமே 7,000 ஆர்.பி.எம். பற்றிய தத்துவம். டேட்டோனாவில் ஷெல்பி காட்டும் பலகையிலும் 7,000-க்கு மேலே போ என்ற உத்தரவு. லெ மானில் மைல்ஸும் ஃபெராரி ஓட்டும் பாந்தினியும் நேர்பாதையில் பக்கத்துப் பக்கத்தில் பறக்கிறார்கள், முறைத்துக்கொள்கிறார்கள், அப்புறம் ஒருவர் இன்னும் கொஞ்சம் அழுத்துகிறார். பாந்தினியின் எஞ்சின் புகைகிறது.

கார் ஓட்டத் தெரிந்த எவரும் கேட்க வேண்டிய கேள்வி: அதுவரைக்கும் இவர்கள் ஏன் முழுசாக அழுத்தாமல் இருந்தார்கள்?

லெ மானின் முல்சான் நேர்பாதை அந்தக் காலத்தில் கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர். வேகத்தடை வளைவுகள் 1990-ல்தான் வந்தன. ஃபோர்டு மார்க் 2-வில் நாலே கியர். நேர்பாதையில் கார் நாலாவது கியரில் இருக்கும், பெடல் தரையோடு தரையாக இருக்கும், ஒரு நிமிடத்துக்கு மேல் டிரைவருக்குப் பிடித்துக்கொள்வதைத் தவிரச் செய்ய ஒன்றும் இருக்காது. ஒளித்துவைத்த ஐந்தாவது கியர் கிடையாது. 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' படங்களில் கியர் போட்டுக்கொண்டே இருப்பார்களே, அந்த நோய் இங்கேயும் தொற்றியிருக்கிறது.

நிஜச் சிக்கல் நேர்பாதை முடிகிற இடத்தில்தான் தொடங்கும். அங்கே முல்சான் வளைவு. 320 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் சைக்கிள் ரேஸ் மாதிரி மெதுவாகத் திரும்ப வேண்டும். ஆளும் பெட்ரோலும் சேர்த்து எடை 1,300 கிலோ என்று வையுங்கள். இயக்க ஆற்றல் சுமார் 51 லட்சம் ஜூல். அறை வெப்பத்தில் இருக்கும் 16 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். அதில் பெரும்பகுதியை சுமார் பத்து நொடியில் நாலு பிரேக் டிஸ்க்குகள் விழுங்க வேண்டும். மூன்றரை நிமிடம் கழித்து மறுபடியும். இப்படி 360 தடவை. மொத்தத்தைக் கூட்டினால் 500 யூனிட் மின்சாரத்துக்கு மேல் வருகிறது. நம் ஊர் வீட்டுக்கு இரண்டு மாத பில்!

ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழியாக இறங்கியவர்களுக்கு இதன் குட்டி வடிவம் தெரியும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பாதியில் கருகல் வாசனை வரும், பெடல் மெத்தென்று ஆகிவிடும். லெ மானில் அதுவே பல மடங்கு. ஃபெராரியைவிட ஃபோர்டு கனமான கார், எஞ்சினும் 4 லிட்டருக்கு எதிரே 7 லிட்டர். நேர்பாதையில் அது பலம், வளைவில் அதுவே பலவீனம். டிஸ்க்குகள் வெடிப்பு விட்டன. ஷெல்பியின் ஆட்களில் ஃபில் ரெமிங்டன் என்பவர் பிட்டில் சட்டென்று டிஸ்க்கையே கழற்றி மாற்றுகிற அமைப்பைச் செய்தார். லெ மானை ஜெயிக்க வைத்த கண்டுபிடிப்புகளில் அது முக்கியமானது.

படத்துக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது. பிரேக் மாற்றும் காட்சி வருகிறது, ஃபெராரி தரப்பு ஆட்சேபிக்கிறது, ஷெல்பி சமாளிக்கிறார். ஆனால் அந்தக் காட்சியைச் சிரிப்புக்கு வைத்திருக்கிறார்கள். இசை உயர்வதும் கண் கலங்குவதும் எல்லாம் ஆக்ஸிலரேட்டர் பக்கம்தான்.

இங்கே இன்னொரு புதிர். பிரேக் பிடிக்க வேண்டிய இடத்துக்குச் சுமார் 200 மீட்டர் முன்னாடியே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? உச்ச வேகத்தில் எஞ்சின் சக்தி கிட்டத்தட்ட முழுவதும் காற்றைத் தள்ளவே செலவாகிறது. 485 குதிரைசக்தி, 320 கிலோமீட்டர் என்று வைத்து, இழப்புகளைக் கழித்தால் காற்றின் எதிர்விசை தோராயமாக 3,500 நியூட்டன். காலை எடுத்த உடனே அந்த விசை இலவச பிரேக்காக வேலை செய்யும். 200 மீட்டரில் வேகம் 320-லிருந்து 300-க்குப் பக்கத்தில் வந்துவிடும். வேகம் குறைந்ததால் பிரேக்கும் கொஞ்சம் தள்ளியே பிடிக்கலாம். என் கணக்குப்படி நேர இழப்பு ஒரு சுற்றுக்குப் பத்தில் ஒரு பங்கு நொடியைவிடக் குறைவு. பிரேக்குக்குப் போகும் வெப்பமோ எட்டில் ஒரு பங்கு குறைகிறது. 24 மணி நேரத்தில் மொத்த நஷ்டம் அரை நிமிடத்துக்குள். ஒரு தடவை கூடுதலாகப் பிட்டுக்குள் போனால் அதைவிட அதிகம் போய்விடும்.

இது வெறும் காகிதக் கணக்கும் இல்லை. 1967-ல் டான் கர்னி இதைத்தான் செய்தார். முல்சான் வளைவுக்கு நன்றாக முன்னாலேயே காலை எடுத்து, காரைத் தானாக மெதுவாக விட்டு, அப்புறம் பிரேக் பிடித்தார். அவரும் ஏ.ஜே. ஃபாய்ட்டும் ஃபோர்டு மார்க் 4-ல் அந்த வருடம் ஜெயித்தார்கள். காலை எடுத்தவர் ஜெயித்தார். இதை எப்படிப் படமாக்குவது என்று ஒரு டைரக்டர் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தால் அது எவ்வளவு நல்ல படமாக இருந்திருக்கும்!

வெளியே எறிந்த கம்ப்யூட்டர்

ஒரு காட்சியில் ஃபோர்டு இன்ஜினியர்கள் காருக்குள் அளவுக் கருவிகளும் கம்ப்யூட்டரும் வைத்துக் கட்டியிருப்பார்கள். நம் நாயகர்கள் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, காரின் மேலே நூல் துணுக்குகளை டேப் போட்டு ஒட்டி, ஓடும்போது நூல் எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தே காற்றோட்டத்தைக் கண்டுபிடிப்பார்கள். எல்லோருக்கும் பிடித்த காட்சி. இருபது வருடமாகக் கம்ப்யூட்டரில் பிழைக்கிற எனக்கே சிரிப்பு வந்தது.

நூல் ஒட்டுவது உண்மையான முறைதான். காற்றியலில் இன்றும் செய்கிறார்கள். ஆனால் கருவியும் நூலும் எதிரிகள் கிடையாது. ஃபோர்டு தன் ஆய்வகத்தில் செய்த ஒரு வேலை எனக்கு அந்தக் காட்சியைவிடப் பெரிய கிளர்ச்சி. லெ மான் சுற்று ஒன்றில் எஞ்சின் எந்த இடத்தில் எவ்வளவு சுழல்கிறது, எங்கே கியர் மாறுகிறது என்று பதிவுசெய்து, அதே வரிசையை டைனமோமீட்டரில் பூட்டிய எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஆளில்லாமல் திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள். எஞ்சின் ஒரு அறைக்குள் நின்றபடியே லெ மான் ஓடியது. உடையும் வரை ஓட்டி, உடைந்ததைத் திருத்தி, மறுபடி ஓட்டினார்கள்.

எங்கள் தொழிலில் இதற்கு லோடு டெஸ்ட் என்று பெயர். நிஜப் பயன்பாட்டின் பதிவை எடுத்து மென்பொருள்மேல் மறுபடி ஓட்டிப் பார்ப்பது. அதை 1960-களில் ஏழு லிட்டர் எஞ்சினை வைத்துச் செய்திருக்கிறார்கள். அந்த அறையில் ராத்திரி கண்விழித்தவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. படத்தில் அவர்கள் கோட்டு போட்ட முட்டாள்கள். மைல்ஸ் நுணுக்கமான சோதனை ஓட்டுநர், சந்தேகமே இல்லை. ஆனால் காரின் குறையை அவர் வாயால் சொல்ல, அதை எண்ணாக மாற்றி வடிவத்தைத் திருத்த ஒரு பட்டாளம் இருந்தது. முதலில் இந்தக் கார் பிறந்ததே இங்கிலாந்தில் ஸ்லாவ் என்ற ஊரில், எரிக் பிராட்லியின் லோலா காரை அடிப்படையாக வைத்து. படத்தில் அது விமானத்திலிருந்து இறங்கும் ஒரு பொருள்.

வில்லன் ஒருவர் போதுமா?

ஃபோர்டின் அதிகாரி லியோ பீபி படத்தில் சுத்தமான வில்லன். மைல்ஸைப் பிடிக்காது, அதனால் முதலிலேயே அவரை லெ மானுக்கு அனுப்பவில்லை, மைல்ஸ் கராஜில் தனியாக உட்கார்ந்து ரேடியோவில் பந்தயம் கேட்கிறார். கடைசியில் மூன்று கார்களையும் ஒன்றாக வரச் சொல்லி அவருடைய வெற்றியைப் பறிக்கிறார்.

வரலாறு இப்படி இல்லை. 1965 லெ மானில் மைல்ஸ் ஓட்டினார். ஏழு லிட்டர் ஃபோர்டில்தான். கியர்பாக்ஸ் போய் நின்றது. அன்று அவருடன் அதே காரைப் பகிர்ந்துகொண்டவர் யார் தெரியுமா? புரூஸ் மெக்லாரன்! அடுத்த வருடம் 20 மீட்டரில் அவரை வென்ற அதே ஆள். இப்படி ஒரு விஷயம் கையில் இருக்கும்போது ரேடியோ காட்சி எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

டேட்டோனாவும் அப்படித்தான். படத்தில் கடைசிச் சுற்றில் மயிரிழையில் ஜெயிக்கிறார். நிஜத்தில் 1966 டேட்டோனாவில் மைல்ஸும் லாயிட் ரூபியும் பல சுற்று முன்னிலையில் நிதானமாக ஜெயித்தார்கள். என்ஸோ ஃபெராரி லெ மானுக்கு வந்து மைல்ஸுக்குத் தொப்பியைத் தூக்குவதாகக் காட்டுகிறார்கள். அவர் அங்கே வரவே இல்லை.

ஜோடியாக முடிக்கும் யோசனைக்கு வருவோம். ஷெல்பி அதை எதிர்த்து நின்ற ஆள் இல்லை, ஒப்புக்கொண்டவர். பிற்காலத்தில் அதற்காக வருத்தப்பட்டிருக்கிறார். தூர விதிப்படி சமன் கிடையாது என்று பந்தய அதிகாரிகள் சொல்லியிருக்கிறார்கள்; அது எந்த நிமிடம் யார் காதுக்குப் போனது என்பதில் ஆளுக்கொரு கதை. எனக்கு இதில் தெரிவது ஒருவரின் பகையைவிடச் சாதாரணமான, அதனாலேயே சங்கடமான விஷயம். அழகான ஒரு புகைப்படம் வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டு, விதிப்புத்தகத்தை அப்புறம் திறந்திருக்கிறார்கள். ஐ.டி. வேலையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஸ்பெக்கைப் படிக்காமல் கஸ்டமருக்கு டெமோ தேதி கொடுக்கும் மேனேஜர் யாரும் கெட்டவர் இல்லை. பலி போடப்படுபவர் மட்டும் எப்போதும் ராத்திரி முழுக்க வேலை பார்த்தவர்.

அந்தச் சமயத்தில் விதியின் கறார்தனம் யாருக்கும் புதிதும் இல்லை. மூன்று மாதம் முன்பு செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தில் முன்னணியில் இருந்த கர்னியின் கார் கடைசிச் சுற்றில் எஞ்சின் போய் நின்றது. இறங்கித் தள்ளிக்கொண்டே கோட்டைக் கடந்தார். தகுதி நீக்கம். வெற்றி மைல்ஸுக்கும் ரூபிக்கும் போனது. கோட்டைக் கடப்பது மட்டும் போதாது, எப்படிக் கடந்தாய் என்பதும் கணக்கு. விதியால் செப்ரிங்கில் பெற்றதை விதியால் லெ மானில் இழந்தார் மைல்ஸ். ஒரே வருடத்தில் டேட்டோனா, செப்ரிங், லெ மான் மூன்றையும் வெல்லும் வாய்ப்பும் அதோடு போனது. படம் செப்ரிங்கை முழுசாக வெட்டிவிட்டது.

யாருடைய கார்?

1963-ல் ஃபோர்டு ஃபெராரியை விலைக்குக் கேட்டது. பந்தயப் பிரிவு யார் கட்டுப்பாட்டில் இருக்கும் என்ற இடத்தில் என்ஸோ பேனாவைக் கீழே வைத்தார். படம் உடனே ஃபியட் வந்து வாங்கிக்கொள்வதாகக் காட்டுகிறது. உண்மையில் ஃபியட் 50 சதவீதப் பங்கு வாங்கியது 1969-ல். இந்த ஆறு வருடத்தைச் சுருக்கியதில் கதையின் முக்கியமான கேள்வி தொலைந்துவிட்டது. கம்பெனி யாருடையதாகவும் இருக்கட்டும், பந்தயத்தில் எப்போது ஓடுவது, எப்போது நிறுத்துவது என்பதை யார் சொல்வது? என்ஸோ சண்டை போட்டது அதற்காக.

கார் பிரியர்கள் உடைமையைப் பற்றிப் பேசும்போது ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் பெயரைத்தான் பேசுகிறோம். மைல்ஸின் பெயர் எந்த ஜிடி40-ன் பத்திரத்திலும் கிடையாது. காரை அவர் அளவுக்குத் தெரிந்தவர்கள் குறைவு. ஆனாலும் கடைசிச் சுற்றில் மெதுவாக வா என்று சொல்லும் உரிமை பத்திரம் வைத்திருப்பவரிடம் இருந்தது. என்ஸோ கையெழுத்துப் போட மறுத்தது எதுவோ, அதுதான் மைல்ஸுக்கு நடந்தது. படத்தின் முதல் பாதியும் இரண்டாம் பாதியும் இந்த ஒரு புள்ளியில் சந்தித்திருக்க வேண்டும். சந்திக்கவில்லை.

ஹல்ம் எங்கே?

என் பெரிய வருத்தம் இனிமேல்தான். மைல்ஸின் காரில் இரண்டு டிரைவர்கள். இன்னொருவர் நியூசிலாந்தின் டென்னி ஹல்ம். அடுத்த வருடமே, 1967-ல், ஃபார்முலா ஒன் உலக சாம்பியன் ஆனவர். அந்த 20 மீட்டரில் அவரும் தோற்றார். அதன் பிறகு லெ மானில் அவர் ஜெயிக்கவே இல்லை. படத்தில் அவர் வண்டி மாற்றும்போது சில நொடி தெரிகிறார், அவ்வளவுதான். அவர் ஓட்டிய மணி நேரங்கள் எல்லாம் மைல்ஸ் கணக்கில் போய்ச் சேர்கின்றன.

நல்ல ஒரு படம் அமைய வேண்டும் என்பதற்காக உழைத்தவனின் வெற்றியை எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் ஃபோர்டு மேல் படம் வைக்கும் குற்றச்சாட்டு. படமும் அதையேதான் செய்கிறது. ஒரு நாயகன், ஒரு வில்லன், ஒரு பெடல் என்று சட்டகம் அழகாக அமைவதற்காக ஹல்மை வெளியே தள்ளுகிறது, ரெமிங்டனைச் சிரிப்பாக்குகிறது, டைனமோமீட்டர் அறையைப் பூட்டுகிறது. சினிமாவில் சுருக்கத்தானே வேண்டும் என்பீர்கள். சரி. ஆனால் உழைப்பின் பெயர் திருடப்படுவதைப் பற்றிய படம் எதைச் சுருக்குகிறது என்பதில் கொஞ்சம் கூச்சம் இருக்க வேண்டாமா?

பந்தயம் முடிந்து இரண்டு மாதத்தில், 1966 ஆகஸ்ட் 17 அன்று, ரிவர்சைடு பாதையில் ஜெ-கார் என்ற புதிய வடிவத்தைச் சோதித்தபோது மைல்ஸ் இறந்தார். வயது 47. படம் அதை சோகமான முடிவாகக் காட்டி நிறுத்துகிறது. அதன் தொடர்ச்சிதான் எனக்கு அந்த மரணத்தின் கனத்தைக் காட்டியது. அந்த விபத்துக்குப் பிறகு ஜெ-காரை மாற்றி மார்க் 4 ஆக்கியபோது உள்ளே உறுதியான எஃகுக் கூண்டு வைத்தார்கள். 1967 லெ மானில் மரியோ ஆந்திரெட்டியின் மார்க் 4 ராத்திரியில் பயங்கரமாக இடித்தது. முன் பிரேக் பேட் தவறாகப் பொருத்தப்பட்டிருந்தது என்று சொல்லப்படுகிறது. மறுபடியும் பிரேக்! ஆந்திரெட்டி விலா எலும்பு முறிவோடு உயிர் தப்பினார். ஒருவர் செத்த இடத்தில் வைத்த கூண்டு இன்னொருவரைக் காப்பாற்றியது. சோதனை ஓட்டுநர் என்ற வேலையின் அர்த்தமே அதுதான். இரண்டு வரி எழுத்தாகவாவது போட்டிருக்கலாம்.

எடுத்திருக்க வேண்டிய படம்

மயிரிழை முடிவுதான் வேண்டும் என்றால் பொய் சொல்லாமலே ஒன்று இருக்கிறது: 1969 லெ மான். ஃபோர்டு கம்பெனி விலகிவிட்டது. ஜான் வையரின் அணி, முந்தைய வருடம் ஜெயித்த அதே பழைய ஜிடி40-ஐ மறுபடி கொண்டுவந்தது. ஓடிப்போய் ஏறிக் கிளம்பும் முறையில் யாரும் பெல்ட்டை ஒழுங்காகப் போடுவதில்லை என்பதற்கு எதிர்ப்பாக, இளைஞர் ஜாக்கி இக்ஸ் எல்லோரும் ஓடும்போது தான் மட்டும் நடந்து போனார். பெல்ட்டை நிதானமாக மாட்டி, கடைசி ஆளாகக் கிளம்பினார். அந்த முதல் சுற்றிலேயே ஜான் உல்ஃப் என்ற டிரைவர் விபத்தில் இறந்தார். 24 மணி நேரம் கழித்து இக்ஸ், ஹான்ஸ் ஹெர்மானின் போர்ஷேயைச் சுமார் 120 மீட்டரில் வென்றார். ஹெர்மானின் காரில் பிரேக் தேய்மான எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நடந்துபோனவர் ஜெயித்தார். அடுத்த வருடம் ஓடிப்போய் ஏறும் முறையை எடுத்துவிட்டார்கள். டிரைவர்கள் பெல்ட் போட்டு உட்கார்ந்தபடி கிளம்பினார்கள். 1971 முதல் உருண்டபடியே கிளம்பும் முறை.

'ஃபோர்டு வெர்சஸ் ஃபெராரி'யைப் பார்க்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். நல்ல ஸ்பீக்கர் இருந்தால் கட்டாயம் பாருங்கள். பார்த்து முடித்ததும் யாராவது "மைல்ஸை ஏமாத்திட்டாங்கப்பா" என்றால், ஆமாம் என்று சொல்லிவிட்டு, கூடவே ஹல்மின் பெயரையும் சொல்லுங்கள். அப்புறம் அந்த 20 மீட்டர் புதிரைப் போடுங்கள். எப்படியும் ஒரு மணி நேரம் பேச்சு ஓடும்.